மெமரி எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்

பாசிக்குடா, கல்குடா, பேத்தாழை, நாசிவன்தீவு, வாழைச்சேனைப் பக்கங்களில் பிள்ளைக்கு முதல் கணினி வாங்கப் போகிற தாய் தகப்பன்மாருக்கும், அந்தக் கணினிக்காகக் காத்திருக்கிற பிள்ளைகளுக்கும்,



போன மாரியில், மழை விட்டிருந்த ஒரு பின்னேரம், பாசிக்குடாவில் இருந்து ஓர் அம்மா என்னுடைய திருத்து மேசைக்கு வந்தார். லெப்டொப்பைத் துவாயில் சுற்றி, அதற்கு மேல் பொலித்தீன் பை ஒன்றும் போட்டுக் கொண்டு வந்திருந்தார். கூடவே மகள். ஓ.எல். எழுதி முடித்து உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்திருக்கிற பிள்ளை. இரண்டு காப்பை அடகு வைத்து வாங்கிய பாவித்த லெப்டொப் அது. வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"256 மெமரி எண்டுதான் தம்பி சொன்னவங்க. 128 மலிவாம், ஆனா 256 எண்டா வேகமா ஓடுமாம். மறுகா ஏன் இப்பிடி இழுபடுது?"

போட்டுப் பார்த்தேன். இணையத்தில் இரண்டு பக்கமும் ஒரு வீடியோவும் திறந்ததும் சுட்டி அசைய மறுத்தது. பின்பக்கத்து ஆணிகளைக் கழற்றிப் பார்த்ததும் விசயம் தெளிவாகிவிட்டது. 256 என்பது கோப்புகளைச் சேமித்து வைக்கிற இடத்தின் அளவு. வேலை நடக்கிற இடமான ரேம் வெறும் 4 ஜிபி. அதுவும் கழற்றிப் பெரியது போடக்கூடிய துண்டு இல்லை, மதர்போட் என்கிற தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைத்தது. வேறு துண்டு சொருக ஒரு துவாரமும் இல்லை.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அந்த அம்மா மெமரி எவ்வளவு என்று கேட்டார், அவர் ஒரு மெமரியின் அளவைச் சொன்னார். இரண்டு காப்பு போனது ஒரு சொல்லில். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. இந்த மடலை எழுதத் தொடங்கியது அப்போதுதான்.

அம்மாவின் கதை ஒரு பாதி. மற்றப் பாதி மகளுடையது. "ரேம் என்றால் என்ன பிள்ளை?" என்று கேட்டேன். மூச்சு விடாமல் சொன்னாள்: "தற்போக்குப் பெறுவழி நினைவகம். முதன்மை நினைவகத்தின் ஒரு வகை. மின் தடைப்பட்டால் அதில் உள்ளது அழிந்துபோகும்." பரீட்சையில் முழுப் புள்ளி. மேசையில் கிடந்த நாலு பொருளைத் தள்ளி வைத்தேன்: ஒரு ரேம் துண்டு, ஒரு வன்தட்டு, ஓர் எஸ்எஸ்டி, ஒரு பட்டன் பற்றரி. "இதில் தற்போக்குப் பெறுவழி நினைவகம் எது?" பிள்ளை நாலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வன்தட்டைத் தொட்டாள்.

அது அவளுடைய பிழை இல்லை. அந்தப் பொருளை யாரும் அவள் கையில் ஒருமுறையும் கொடுக்கவில்லை. தாயிடம் கடைச் சொல் இருந்தது, மகளிடம் புத்தகச் சொல் இருந்தது, இரண்டு பேரிடமும் பொருள் இருக்கவில்லை.

ஆகவே பொருளில் இருந்து தொடங்குகிறேன்.

லெப்டொப்பில் போடுகிற ரேம் துண்டு ஆள்காட்டி விரல் நீளம்தான் இருக்கும். பச்சைப் பலகை, அதில் கறுப்புச் சதுரங்கள், ஓர் ஓரம் முழுக்கப் பொன்முலாம் பூசிய பற்கள், பற்களுக்கு நடுவில் ஒரு வெட்டு. வெட்டு சரி நடுவில் இருக்காது, சற்றே ஒதுங்கி இருக்கும். தலைகீழாகச் சொருகி எரித்துவிடாமல் இருக்கத்தான் அப்படி.

இனி அந்த நீண்ட பெயர். பலர் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள், எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடில்லை. பெயரிலேயே விளக்கம் இருக்கிறது. பழைய பாட்டுக் கசெற்றை எண்ணிப் பாருங்கள். ஐந்தாவது பாட்டு வேண்டுமென்றால் முதல் நாலையும் ஓட்டித் தாண்டித்தான் போக வேண்டும், நாடாவில் வேறு வழியில்லை. ரேம் அப்படியல்ல. அதிலுள்ள கோடானுகோடி இடங்களில் முதலாவதைக் கேட்டாலும் கடைசியைக் கேட்டாலும் நடுவில் ஒன்றைக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கைக்கு வந்துவிடும். வரிசை பார்க்கத் தேவையில்லை, வேண்டிய போக்கில் போய்ப் பெறலாம். தற்போக்கு, பெறுவழி. மொழிபெயர்த்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

மின் நின்றால் ஏன் அழிகிறது? ஒவ்வோர் இடமும் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓட்டை வாளி. மின்னூட்டம் நிரம்பியிருந்தால் ஒன்று, வெறுமையென்றால் பூச்சியம். வாளி ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆகவே 64 மில்லிசெக்கனுக்குள் ஒருதடவை எல்லா வாளியையும் பார்த்து, நிரம்பியிருந்ததைத் திரும்ப நிரப்பிவிட வேண்டும். கணினி ஓடுகிற நேரமெல்லாம் அந்த வேலை ஓயாமல் நடக்கிறது. மின் போனால் நிரப்ப ஆளில்லை, எல்லாம் ஒழுகிவிடும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்ததே, அப்போது எத்தனை பிள்ளைகள் அரைகுறையாகத் தட்டிய ஒப்படையை இழந்தார்கள்! சேவ் என்ற பொத்தானுக்கு உள்ள பொருளே ஒழுகுகிற வாளியில் இருப்பதை ஒழுகாத இடத்துக்கு மாற்றி வை என்பதுதான். வரிக்கு வரி அதை அமத்துகிற பழக்கம் இப்பவே வரட்டும்.

அந்த ஒழுகாத இடம் வன்தட்டு, இல்லையென்றால் எஸ்எஸ்டி. வன்தட்டைத் திறந்தால் உள்ளே கண்ணாடிபோல் முகம் தெரிகிற வட்டத் தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுற்றும். அதற்கு மேலே ஒரு சின்னக் கை, கை நுனியில் வாசிக்கிற தலை. தலை தட்டைத் தொடாது. தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் மிதந்துகொண்டு போகும். ஓடுகிற லெப்டொப்பை ஒரு கையால் தூக்கிக்கொண்டு அறைக்கு அறை நடக்காதீர்கள் என்று நான் கத்துவது அதனால்தான். எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, கையும் இல்லை, எல்லாம் சில்லுதான். பழைய லெப்டொப்புக்கு ஒரேயொரு செலவு செய்ய முடியும் என்றால், வன்தட்டைக் கழற்றி எஸ்எஸ்டி போடுங்கள். அதைப்போல வித்தியாசம் காட்டுகிற வேறு வேலை எனக்குத் தெரியாது.

இந்த இடத்தில் ஒரு சண்டையைத் தீர்த்துவைக்க வேண்டும். 256 என்று வாங்கியது திரையில் 238 என்று காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று மாதத்தில் ஒருவராவது வருவார்கள். இதில் ஏமாற்று இல்லை. தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. ஒரே கடலை ஒருவர் பாகத்தால் அளக்கிறார், மற்றவர் மீற்றரால் அளக்கிறார். 256 ஜிபி 238 ஆகவும், 1 டிபி 931 ஜிபி ஆகவும் தெரிந்தால் கணக்குச் சரி. அதைவிட நன்றாகக் குறைந்தால் கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும்.

ரேம் குறைந்தால் ஏன் இழுபடுகிறது? இதை நம்முடைய இடத்தை வைத்தே சொல்லலாம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவர் பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் வேலை செய்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஹோட்டலில் 40 அறை. ஒவ்வோர் அறைக்கும் எண் உண்டு, திறப்பு உண்டு. வருகிறவர்கள் தாமாகப் போய் விரும்பின கதவைத் திறக்க முடியாது. வரவேற்பு மேசையில் இருக்கிறவர்தான் யாருக்கு எந்த அறை, எத்தனை நாள் என்று பார்த்துத் திறப்பைக் கொடுப்பார். போனதும் அறையைத் துப்புரவாக்கி அடுத்தவருக்கு விடுவார். அறைகள்தான் ரேம். வருகிறவர்கள் நீங்கள் திறக்கிற மென்பொருட்கள். வரவேற்பு மேசைதான் பணிசெயல் முறைமை. இந்தியாவில் அதை இயங்குதளம் என்றும் இயக்க முறைமை என்றும் எழுதுவார்கள், மூன்றும் ஒன்றுதான். விண்டோஸ் ஒரு பணிசெயல் முறைமை, லினக்ஸ் இன்னொன்று, போனில் உள்ள அன்ட்ரொயிட் வேறொன்று.

அறை எல்லாம் நிரம்பிய நேரத்தில் இன்னும் பத்துப் பேர் வந்தால்? வரவேற்பு மேசைக்காரர் இல்லையென்று சொல்லாமல், அந்த நேரம் கடலுக்குக் குளிக்கப் போயிருப்பவர்களின் சாமான்களைக் கட்டி, பின்வளவில் உள்ள களஞ்சியத்துக்கு அனுப்பிவிட்டு அறையைக் கொடுப்பார். குளிக்கப் போனவர் திரும்பி வந்ததும் இன்னொருவரின் சாமானைக் கட்ட வேண்டும். கொஞ்ச நேரத்தில் வேலைக்காரர்கள் சாமான் தூக்குவது தவிர வேறு ஒன்றும் செய்யமாட்டார்கள். பணிசெயல் முறைமை செய்வதும் அதையேதான். ரேம் போதாவிட்டால் வன்தட்டில் ஒரு பகுதியை ரேம்போலப் பாவிக்கும். ஆனால் சுற்றுகிற வன்தட்டு ஓர் இடத்தைத் தேடிப் பிடிக்க எடுக்கிற நேரம் ரேம் எடுப்பதைப்போல ஏறக்குறைய ஓர் இலட்சம் மடங்கு. அந்த அம்மா கேட்ட "ஏன் இழுபடுது" என்ற கேள்விக்கு மறுமொழி இதுதான். களஞ்சியம் 256 ஆக இருந்து என்ன செய்ய, அறை நாலுதானே.

ஒரு விண்டோஸ் கணினியில் அறை எவ்வளவு என்பதை நீங்களே பார்க்கலாம்: கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று சாவியையும் சேர்த்து அமத்துங்கள். டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் பெர்போமன்ஸ் என்ற பகுதிக்குப் போனால் ரேம் எவ்வளவு, அதில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, உள்ளே இருப்பது வன்தட்டா எஸ்எஸ்டியா, முறைவழியாக்கி எது, எல்லாம் தெரியும். கடையில் நின்றுகொண்டே இதைச் செய்யலாம். செய்யவிடாத கடையில் வாங்காதீர்கள்.

முறைவழியாக்கி என்றேன். செயலி என்றும் எழுதுகிறோம். மேசைக் கணினியின் பெட்டி முழுவதையும் சிபியு என்று சொல்வது நம் ஊர் வழக்கம், கடையிலும் அப்படித்தான். சிபியு என்பது பெட்டிக்குள்ளே விசிறிக்கு அடியில் ஒளிந்திருக்கிற, முத்திரையை விடக் கொஞ்சம் பெரிய சதுரம் மட்டும்தான். 1971 இல் இன்டெல் விற்பனைக்கு விட்ட 4004 என்ற முதல் நுண்செயலியில் 2300 ட்ரான்சிஸ்டர் இருந்தது. இன்று உங்கள் போனில் உள்ள செயலியில் கோடிக்கணக்கில் இருக்கிறது. 2.4 கிகாஹேட்ஸ் என்றால் செக்கனுக்கு 240 கோடி துடிப்பு. இந்தத் துடிப்புகளின் தாளத்தில் ரேமில் இருந்து ஏதோ ஒன்றை எடுக்கிறது, கூட்டுகிறது, ஒப்பிடுகிறது, திரும்ப வைக்கிறது. அவ்வளவு எளிய வேலை, அவ்வளவு வேகத்தில்.

கடையில் உங்களை மயக்கப் போகிற அடுத்த சொல் "ஐ5". ஐ3, ஐ5, ஐ7 என்பவை இன்டெல் செயலிகளின் ஒரு தலைமுறைக்குள்ளே உள்ள தரப்படி மட்டும்தான். எந்தத் தலைமுறை என்பது அதற்குப் பின்னால் வருகிற எண்ணில் இருக்கிறது. ஐ5-3320 என்று இருந்தால் மூன்றாம் தலைமுறை, 2012 காலத்துப் பொருள். ஐ5-8250 என்றால் எட்டாம் தலைமுறை, 2017. ஐ3-1115 என்றால் பதினோராம் தலைமுறை. பழைய ஐ7 ஐ விடப் புதிய ஐ3 நன்றாக ஓடுகிற சந்தர்ப்பம் நிறைய உண்டு. "ஐ5 தானே?" என்று கேட்காதீர்கள். "ஐ5 இல் எத்தனையாம் தலைமுறை, எண்ணைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அதைக் கேட்ட உடனே கடைக்காரர் உங்களோடு பேசுகிற முறையே மாறும், நான் பார்த்திருக்கிறேன்.

எட்டாம் தலைமுறைக்கு இப்போது ஒரு தனி மதிப்பு வந்திருக்கிறது. விண்டோஸ் 10 க்கான வழமையான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 ஓடு முடிந்தன. பதிவு செய்தவர்களுக்கு மட்டும் அதற்கு மேல் ஒரு வருடம். 2021 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 11 ஓட வேண்டுமென்றால் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். இன்டெல் என்றால் ஓரிரண்டு விதிவிலக்குத் தவிர எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதற்கு முந்திய இலட்சக்கணக்கான நல்ல லெப்டொப்புகள் ஒதுக்கப்பட்டுவிட்டன. அவற்றில் பல இப்போது பாவித்த சாமான் கடைகளுக்கு மலிவாக வருகின்றன. கவனமாக வாங்கினால் அது நமக்குக் கிடைத்த வாய்ப்பு, கவனியாமல் வாங்கினால் நட்டம்.

வாய்ப்பு என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஒதுக்கப்பட்ட அந்த லெப்டொப்புகளிலும் லினக்ஸ் ஓடும். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1991 ஓகஸ்ட் 25 ஆம் திகதி, ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயதுப் பொடியன், தான் பொழுதுபோக்காக ஒரு பணிசெயல் முறைமை எழுதுவதாக அறிவித்தான். அவன் எழுதியது கரு என்கிற உள்மையம், ஹோட்டல் கதையில் திறப்புப் பலகையைக் கையில் வைத்திருக்கிற ஆள். அதை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், காசில்லாமல் பாவிக்கலாம் என்று விட்டான். உலகெங்கும் இருந்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். நீங்கள் கையில் வைத்திருக்கிற அன்ட்ரொயிட் போனுக்குள் ஓடுவது அதே கருதான். லினக்ஸ் தெரியாது, பயமாக இருக்கிறது என்று சொல்கிற பிள்ளைகள் அதை நாள்தோறும் பத்து மணித்தியாலம் பாவித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இப்படி எல்லோருக்கும் திறந்து விட்ட மென்பொருளுக்கும் எங்கள் கரைக்கும் ஓர் உறவு உண்டு. 2004 டிசெம்பர் 26 சுனாமியை இந்தப் பக்கத்தில் யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அன்று எட்டு வயதாக இருந்தவர்கள் இன்று பிள்ளை குட்டிக்காரர்கள். அலை போனபிறகு யார் எந்த முகாமில், யாரைக் காணவில்லை, எங்கே என்ன தேவை, எந்த நிவாரணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று ஒரு பதிவு இல்லாமல் நாடு தடுமாறியது. அந்த நாட்களில் இலங்கையின் மென்பொருள் பொறியியலாளர்கள் தொண்டர்களாகச் சேர்ந்து இரவு பகலாக ஒரு மென்பொருள் எழுதினார்கள். பெயர் சஹானா. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோரைத் தேடுவது, முகாம்களைப் பதிவது, உதவிகளை ஒழுங்குபடுத்துவது எல்லாம் அதில் இருந்தது. லினக்ஸ் போன்ற திறந்த மூல மென்பொருட்களின் மேல்தான் அதைக் கட்டினார்கள், கட்டியதையும் எல்லோருக்கும் திறந்தே விட்டார்கள். பிறகு 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 இல் ஹெயிட்டியிலும் அது கைகொடுத்தது. சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் 2006 ஆம் ஆண்டுச் சமூகநல விருது அதற்குக் கிடைத்தது. நம்முடைய கண்ணீரில் இருந்து இந்த நாட்டுப் பிள்ளைகள் எழுதியது பிறநாட்டு மனிதரைக் காப்பாற்றியது. நம் பாடசாலைகளில் சொல்ல வேண்டிய கதை இது. கணினி வகுப்பின் முதல் நாளில் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

இன்னும் இரண்டு விசயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, கடலோரம் இருப்பதால் நமக்கே உரிய உப்பு. கடலைப் பார்த்த யன்னலுக்குப் பக்கத்தில் வைத்த கணினியைத் திறந்தால் நான் முதலில் பார்ப்பது பச்சைக் களிம்பு. செம்பு இருக்கிற இடமெல்லாம் உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து தின்றிருக்கும். பொன்முலாம் பூசிய ரேம் பற்களிலும் மெல்லிய அழுக்குப் படிந்துவிடும். அப்போது திரை கறுப்பாகவே கிடக்கும், உள்ளே இருந்து பீப், பீப் என்று சத்தம் மட்டும் வரும். அந்தச் சத்தம் ஒரு பேச்சு. மின் கொடுத்ததும் மதர்போட்டில் நிரந்தரமாகப் பதித்து வைத்திருக்கிற பயோஸ் என்ற சிறு மென்பொருள் முதலில் எழும்பி, ரேம் இருக்கிறதா, சாவிப்பலகை இருக்கிறதா, வன்தட்டு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்க்கும். எல்லாம் மறுமொழி சொன்னால்தான் வன்தட்டில் இருந்து பணிசெயல் முறைமையை எடுத்து ரேமில் வைத்து, இனி உன் பொறுப்பு என்று விலகும். ரேம் மறுமொழி சொல்லாவிட்டால் திரையில் எழுதவும் வழியில்லை, ஆகவே பீப் அடிக்கிறது. மின்னை முழுதாகத் துண்டித்து, பற்றரியையும் கழற்றிவிட்டு, ரேமை எடுத்து, பற்களை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பச் சொருகினால் பாதிக் கணினிகள் எழும்பிவிடும். மெதுவாக. முலாம் மிக மெல்லியது. மாரி காலத்தில் கணினியை வாரக்கணக்கில் மூடி வைக்காமல் ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள், உள்ளே வருகிற சூடு ஈரத்தை விரட்டும்.

மற்றது, முன்னர் மேசையில் வைத்துக் காட்டிய அந்தப் பட்டன் பற்றரி. சிஆர் 2032, 3 வோல்ற்று, கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். கணினியை நிறுத்தினாலும் திகதியும் நேரமும் ஓடிக்கொண்டிருப்பது இதனால்தான். சில வருடங்களில் இது தீர்ந்துபோகும். தீர்ந்தால் கணினி பழைய வருடம் ஒன்றுக்குத் திரும்பிவிடும். பிறகு இணையத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று எச்சரிக்கும். ஏனென்றால் ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு, உங்கள் கணினி இருக்கிற வருடத்தில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. வைரஸ் என்று பயந்து எல்லாவற்றையும் அழித்து விண்டோஸ் புதிதாகப் போட்டுக்கொண்டு, பிள்ளையின் இரண்டு வருடப் படங்களையும் குறிப்புகளையும் இழந்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். முதலில் திரையின் மூலையில் உள்ள திகதியைப் பாருங்கள்.

டிரைவர் என்ற சொல்லையும் கேட்பீர்கள். அச்சுப்பொறி வேலை செய்யவில்லை, டிரைவர் இல்லை என்பார்கள். ஜேர்மன்காரர் ஒருவர் பாசிக்குடாவுக்கு வருகிறார், வள்ளக்காரருக்கு ஜேர்மன் தெரியாது, இடையில் நின்று இரண்டு பக்கமும் பேசுகிற ஒருவர் வேண்டும். பணிசெயல் முறைமைக்கும் அச்சுப்பொறிக்கும் இடையில் நிற்கிற அந்த ஆள்தான் டிரைவர். ஒவ்வோர் உபகரணத்துக்கும் ஆள் வேறு, விண்டோஸுக்கு ஆள் வேறு, லினக்ஸுக்கு ஆள் வேறு.

தமிழ் எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் இன்னும் பலர் பாமினியில் தட்டுகிறார்கள். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து காட்டுகிற எழுத்துரு. உங்களுக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்கு ஆங்கில எழுத்துக் குவியல்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குவியல் அம்பலமாகிவிடும், தேடினாலும் அகப்படாது. யூனிகோட் என்ற உலகப் பொது முறையில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் இருக்கின்றன. விண்டோஸ், லினக்ஸ், அன்ட்ரொயிட் எதில் திறந்தாலும் அ என்பது அ தான். பிள்ளைகளே, கை பழகுவதற்கு முன்னமே யூனிகோடில் தொடங்கிவிடுங்கள். பாமினியில் பழகிய கைக்கும் வழியிருக்கிறது, அதே சாவி ஒழுங்கில் தட்டினால் யூனிகோடாக விழுகிற கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

இனி ஊர்ச் சங்கங்களிடமும் வாசிகசாலைகளிடமும் கணினி கற்பிக்கிற ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு பாடசாலையின் களஞ்சியத்திலும் செத்துப்போன கணினி இரண்டு மூன்று தூசி பிடித்துக் கிடக்கும். அதில் ஒன்றை எடுத்து, மூடியைக் கழற்றி, ஒரு மேசையில் வையுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு சின்னக் கடதாசி ஒட்டுங்கள். மேலே புத்தகச் சொல், கீழே கடைச் சொல். தற்போக்குப் பெறுவழி நினைவகம், ரேம். பிள்ளைகள் கழற்றட்டும், சொருகட்டும், பிழையாகச் சொருகப் பார்த்து அந்த வெட்டு ஏன் இருக்கிறது என்று கண்டுபிடிக்கட்டும். செத்த கணினி, மின் கொடுக்காமல் வைத்தால் அதில் இழக்க ஒன்றுமில்லை. மேசைக் கணினியின் பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் யாரும் திறக்கவேண்டாம், மின் துண்டித்த பிறகும் அதற்குள்ளே அடிக்கக்கூடிய மின் தங்கியிருக்கலாம்.

தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள். கடைக்குப் போகிறபோது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள், பிள்ளை கேட்கட்டும். ரேம் எவ்வளவு, கழற்றிப் போடலாமா அல்லது மதர்போட்டோடு ஒட்டியதா. சேமிப்பு எவ்வளவு, வன்தட்டா எஸ்எஸ்டியா. செயலியின் முழு எண் என்ன. படிப்புக்கு என்றால் 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் போதும் என்பது என் கணிப்பு. அதற்குக் கீழே உள்ளதை மலிவு என்று வாங்காதீர்கள்.

அந்தப் பிள்ளையின் லெப்டொப்பைப் பற்றிக் கேட்பீர்கள். ரேமைக் கூட்ட வழியில்லாததால் இருந்த 4 ஜிபியில் லினக்ஸ் மின்ட் போட்டோம், பாரம் குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. போடுவதற்கு முன் தாயிடமும் மகளிடமும் மறைக்காமல் சொன்னேன்: பாடசாலையில் வேர்ட்டில் செய்த கோப்பை லினக்ஸில் உள்ள லிப்ரே ஒபிஸில் திறந்தால் சில இடத்தில் வரி நகரும், சில விளையாட்டுகள் ஓடாது. அவளுடைய உயர்தரப் பாடத்திட்டத்துக்கு வேண்டிய பைதனும் இணையப் பக்கம் எழுதுகிற வேலையும் அதில் நன்றாக ஓடும். இரண்டு மணித்தியாலம் பக்கத்தில் இருந்து முழுவதையும் பார்த்தாள். கடைசியில் மூடியைப் பூட்டுமுன் ஆணிகளை வாங்கித் தானே முறுக்கினாள். எட்டு ஆணி, இரண்டு அளவு, எது எந்தத் துவாரத்துக்கு என்று கடதாசியில் முதலே வரைந்து வைத்திருந்தாள்.

போன கிழமை திரும்ப வந்தாள், இந்தமுறை தாய் இல்லாமல், மாமா மகனின் மேசைக் கணினியோடு. பீப் அடிக்கிறதாம். என்னிடம் திருத்தக் கொண்டுவரவில்லை. அழிறப்பரால் தேய்த்துப் பார்த்துவிட்டாளாம், ஒரு துண்டோடு எழும்புகிறது, இரண்டு துண்டும் போட்டால் எழும்பவில்லை, துண்டு பழுதா சொருகுகிற துவாரம் பழுதா என்று சோதிக்க என்னிடம் வேறொரு ரேம் இருக்குமா என்று கேட்டு வந்தாள். எடுத்துக் கொடுத்தேன்.

அன்புடன்,
வாழைச்சேனையில் இருந்து, கணினி திருத்துகிற ஒருவன்